விடியப்புறம் பிக்கப்பைத் தள்ளுவது எப்படி?

கொக்கிளாயில் பிக்கப் வைத்திருப்பவருக்கு விடியப்புறம் நான்கு மணிதான் முகூர்த்தம். களப்பு இறால் றெஜிபோம் பெட்டிக்குள் ஐஸோடு காத்திருக்கும். நாயாற்றைத் தாண்டி முல்லைத்தீவுக்கு ஓடவேண்டும். திறப்பைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். நேற்றுப் பின்னேரம் நன்றாக ஓடிய வாகனம். இந்த நேரத்தில் செய்யவேண்டியவற்றை, ஊர் வழக்கத்தை ஒட்டிக் கீழே தருகிறோம்.

எதையும் அளந்து பார்க்காதீர்கள். ஆட்களைக் கூப்பிடுங்கள். பற்றரி இறங்கினால் நம்மூரில் தள்ள நான்கு பேர் வருவார்கள், காரணம் சொல்ல எட்டுப் பேர் வருவார்கள். பற்றரியை ஒருநாள் சீமெந்து நிலத்தில் வைத்தீர்களே, அதுதான் கறண்டை இழுத்துவிட்டது என்பார் ஒருவர். அது அந்தக் காலத்து மரப்பெட்டிப் பற்றரியின் கதை. இன்றைய பிளாஸ்ரிக் கோது சீமெந்துக்குப் பயப்படாது. உப்புக்காற்று என்பார் இன்னொருவர். அவரை முழுதாகத் தள்ளிவிட முடியாது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு என்று இருக்கிற ஊரில் ரேமினலில் வெள்ளையும் பச்சையுமாய்ப் பூப்பது வழக்கம்தான். அது ஸ்ராட் பண்ணும்போது கறண்டை மறிக்கும். ஆனால் ஒரே இரவில் பற்றரியைக் குடித்துவிடாது. சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவி, கிறீஸ் பூசிவிட்டால் அந்தச் சந்தேகம் முடிந்தது. மூன்றாமவர் கண்ணூறு என்பார். ஒரு தேசிக்காயை நசித்து ஓடுங்கள், செலவு குறைவு.

தள்ளுவதிலும் முறை உண்டு. பழைய டீசல் ஹைலக்ஸ் என்றால் இரண்டாம் கியரில் போட்டு, கிளச்சை மிதித்து, வேகம் பிடித்ததும் விடவேண்டும். மணலில் இது நடப்பதற்குள் விடிந்துவிடும். ஒட்டோ கியர் வாகனத்தைத் தள்ளினால் வேர்வை மட்டும் வரும்.

அடுத்ததாக, கடனுக்குப் புதுப் பற்றரி வாங்குங்கள். அது இறங்கியதும் கடைக்காரரைத் திட்டுங்கள்.

இத்தனையும் செய்து தீராதவர்கள் மட்டும் மேற்கொண்டு வாசிக்கலாம். இனி வருவது கணக்கு. உங்கள் பற்றரி 70 அம்பியர் மணி என்று வைப்போம். உள்லைற் ஒன்று, 5 வாற், பத்து மணித்தியாலம் எரிந்தால் நாலு அம்பியர் மணிதான் போகும். நல்ல பற்றரி அதைக் கவனிக்கவே மாட்டாது. டாஷ்போட்டில் மின்னுகிற பிள்ளையாரையோ அந்தோனியாரையோ சந்தேகிக்க வேண்டாம், அவர்கள் எடுப்பது அதிலும் சொற்பம். பிழையாக வயர் கொடுத்த பாட்டுப்பெட்டி அம்ப்ளிஃபயரை வேண்டுமானால் சந்தேகிக்கலாம். விடியும்போது வாகனம் அசையவில்லை என்றால் ஒன்றில் பற்றரி ஏற்கெனவே கிழடு, அல்லது இரவு முழுக்கச் சில அம்பியர் எங்கோ போயிருக்கிறது.

இந்தக் கணக்கு இளசுகளுக்குச் சலிப்பு. வீட்டில் ஒரு பெரியப்பா இருப்பார், அவரைக் கேளுங்கள். 1984 கடைசியில் ஊரைவிட்டு எழும்பி வன்னிக்குள் இடம் இடமாய் அலைந்தவர். பற்றரிக்கே தடை இருந்த பொருளாதாரத் தடைக் காலத்தில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோச் செய்தி கேட்டவர்கள் அந்தத் தலைமுறை. கறண்ட் சும்மா வருவதில்லை என்று அவர்களுடைய தோள்மூட்டுக்குத் தெரியும்.

அவர் சொல்வது இதுதான். ஒரு மீற்றர் எடு. முதல் நாள் இரவு நிறுத்திச் சில மணி நேரம் கழித்துப் பற்றரியை அளந்து பார். 12.6 வோல்ற் என்றால் நிறைவு, 12.0 என்றால் அடிவண்டல். எஞ்சின் ஓடும்போது பதினாலு வோல்ற் அளவில் நிற்கவேண்டும், இல்லாவிட்டால் இரவில் களவு போகவில்லை, பகலில் வரவே இல்லை. பிறகு பொனற்றைத் திற. கதவுக் கொக்கியை ஸ்குரூ டிரைவரால் அமத்தி, கதவு பூட்டினமாதிரி வாகனத்தை ஏமாற்று. நெகற்றிவ் வயரைக் கழற்றி இடையில் மீற்றரைக் கொடு, சிவப்பு வயர் 10 அம்பியர் துளையில் இருக்கட்டும். மீற்றர் நிற்கும்போது ஸ்ராட் அடித்தால் அதன் பியூஸ் போகும். பிறகு அரைமணி நேரம் சும்மா இரு, புதிய வாகனங்களின் கொம்பியூட்டர் நித்திரைக்குப் போக நேரம் எடுக்கும். கொக்கிளாயில் இந்த அரைமணிதான் ஆகக் கடினமான வேலை, ஏனென்றால் யாராவது வந்து கதவைத் திறந்து, "என்ன அண்ணை பிரச்சினை?" என்று கேட்பார்.

50 மில்லி அம்பியருக்குள் நின்றால் சுகம். மூன்றரை அம்பியர் காட்டினால் பியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றும்போது எண் விழுகிறதோ அந்த வழியில்தான் ஆள் நிற்கிறார். 'ஸ்ரொப்' என்று எழுதின பியூஸில் விழுந்தால் பிரேக் பெடலுக்கு மேலே குனிந்து பாருங்கள். சுவிச்சை அழுத்தி வைக்கிற ஒரு சின்ன ரப்பர்த் துண்டு உக்கி உதிர்ந்து, தரைவிரிப்பில் கிடக்கும். அது இல்லாவிட்டால் பெடலை மிதித்துக்கொண்டே இருப்பதாக வாகனம் நினைக்கும். பின்னாலுள்ள இரண்டு 21 வாற் பிரேக் பல்புகளும் விடிய விடிய எரியும். பின்பக்கம் வலையைக் குவித்து மூடியிருந்தால் ஊரில் ஒருவருக்கும் தெரியாது. பத்து மணித்தியாலத்தில் பாதிப் பற்றரி.

எந்தப் பியூஸுக்கும் எண் அசையாவிட்டால் ஒல்டனேற்றரைத் தொட்டுப் பாருங்கள். எஞ்சின் இரும்பு பனியில் குளிர்ந்திருக்க அது மட்டும் இளஞ்சூடாய் இருந்தால் உள்ளே டயோட் போய்விட்டது. நெகற்றிவ்வைக் கழற்றிவிட்டு ஒல்டனேற்றரின் தடித்த வயரை விடுவித்து, திரும்ப அளந்தால் உறுதியாகும். அதை முல்லைத்தீவுக்குக் கழற்றிக்கொண்டு போகவேண்டும், பஸ்ஸில்.

ரப்பர்த் துண்டு என்றால் தேத்தண்ணிக் காசு. அது கிடைக்கும்வரை போல்ற் ஒன்றைக் கொடுத்துக் கட்டலாம். குற்றமற்ற பழைய பற்றரி ஒன்று மிஞ்சியிருக்குமே, அதை இரவு வலைக்குப் போகிற யாருக்காவது லைற் போடக் கொடுத்துவிடுங்கள். கடனுக்கு வாங்கியதன் தவணை மட்டும் மாதாமாதம் வரும்.