வெருகல் 2034

2011 நவம்பர் 11 அன்று, கரிபியன் கடலில் இருக்கிற சென் கிட்ஸ் தீவில் ஒரு வாக்கெடுப்பு நடந்தது. 2018ஆம் ஆண்டின் பொதுநலவாய விளையாட்டு விழாவை எந்த நகரத்துக்குக் கொடுப்பது என்பது கேள்வி. அவுஸ்திரேலியாவின் கோல்ட் கோஸ்ட்டுக்கு 43 வாக்குகள். எங்கள் நாட்டின் அம்பாந்தோட்டைக்கு 27.

தோற்றுவிட்டோமே என்று கொழும்பில் கவலைப்பட்டார்கள். எனக்கோ அந்த 27 வாக்குகளை நினைத்துத்தான் மலைப்பு. பாதி உப்பளம், பாதி காடு, மீதி வரைபடம் என்றிருந்த ஓர் ஊருக்கு 27 நாடுகள் கை தூக்கினால், எங்கள் ஊர் வெருகல் மட்டும் என்ன குறைந்துபோயிற்று? 2034க்கு நாங்களும் ஒரு விண்ணப்பம் போட்டுப் பார்க்கலாம்தானே?

முதலில் தகுதியைப் பார்ப்போம். அம்பாந்தோட்டையும் கடற்கரை ஊர், வெருகலும் கடற்கரை ஊர். 2004 மார்கழியில் ஆழிப்பேரலை இரண்டு கரையையும் ஒரே நாளில் அடித்தது. வித்தியாசம் பிறகுதான் தொடங்கியது. ஆழிப்பேரலைக்கு வந்த உதவிப் பணத்தில் 8 கோடி 20 இலட்சம் ரூபாய் ‘ஹெல்பிங் அம்பாந்தோட்டை’ என்ற கணக்குக்குப் போனது. பொலிஸ் விசாரிக்கத் தொடங்க, உயர் நீதிமன்றம் விசாரணையை நிறுத்தியது. அன்றைய பிரதம நீதியரசர் சரத் என். சில்வா அதற்காகப் பல வருடம் கழித்து நாட்டு மக்களிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். வடக்குக் கிழக்குக்கு உதவியைப் பங்கிடச் செய்துகொண்ட பொதுக் கட்டமைப்பு உடன்படிக்கையின் முக்கிய பகுதிகளுக்கு அதே நீதிமன்றம் 2005 ஜூலையில் தடை போட்டது. அதற்கு யாரும் மன்னிப்புக் கேட்டதாக நான் அறியேன். ஆக, அலை ஒன்று, கரை இரண்டு. ஒரு கரையில் மட்டும் ஜனாதிபதி பிறந்திருந்தார்.

ஜனாதிபதி பிறக்கிற மாவட்டத்தில் கொங்கிரீட் தானாக முளைக்கும். 2010 நவம்பரில் துறைமுகம். 2011 பெப்ரவரி 20இல் சூரியவெவ கிரிக்கெட் மைதானத்தில் முதல் உலகக் கிண்ணப் போட்டி, 35,000 ஆசனங்கள், மைதானத்துக்கு ஜனாதிபதியின் பெயர். 2013 மார்ச்சில் மத்தளையில் விமான நிலையம், அதற்கும் அவர் பெயர். அந்த 2011 தையிலும் மாசியிலும் நாங்கள் வெருகலில் என்ன செய்துகொண்டிருந்தோம் தெரியுமா? மகாவலி பெருகி, ஈச்சிலம்பற்றுப் பக்கமெல்லாம் வெள்ளக்காடாகி, மூட்டை முடிச்சோடு பாடசாலைகளில் இருந்தோம். அம்பாந்தோட்டையின் விளையாட்டு விழா விண்ணப்ப வேலையை முன்னின்று நடத்தியவர் மத்திய வங்கி ஆளுநர் அஜித் நிவாட் கப்ரால். நாட்டின் பணப்பெட்டிக்குக் காவலிருக்க வேண்டியவரே பந்தயத்துக்கு ஆள் பிடிக்கப் போயிருந்தார்.

வாக்கெடுப்பில் தோற்ற பிறகாவது நிறுத்தினார்களா? அம்பாந்தோட்டையின் பெருமை அதன் பிறகுதான் உலகத்துக்குத் தெரிந்தது. மத்தளையில் விமானம் இறங்கவில்லை, நெல் இறங்கியது: களஞ்சியமாகப் பாவித்தார்கள். 2016இல் ஓடுபாதைக்கு வந்த யானைகளையும் மாடுகளையும் விரட்ட நூற்றுக்கணக்கான படையினரும் பொலிஸாரும் பட்டாசோடு போனார்கள். 2017இல் துறைமுகம் 99 வருடக் குத்தகைக்குச் சீனக் கொம்பனியிடம் போனது. 2022 ஏப்ரல் 12இல், வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசாங்கம் கையை விரித்தது. கையை விரித்தபோது நாட்டில் டீசலும் இல்லை, மருந்தும் இல்லை. மூதூர் மீனவனின் இயந்திரப் படகுக்கு மண்ணெண்ணெயும் இல்லை. அந்தக் கடனில் ஒரு சதம்கூட அவன் வாங்கியதல்ல.

வென்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கும் உதாரணம் உண்டு. கனடாவின் மொன்றியலில் நடந்த 1976 ஒலிம்பிக்கின் கடன் கட்டி முடிந்தது 2006இல். முப்பது வருடம்! விழாவைப் பார்த்த குழந்தை பேரப்பிள்ளை எடுக்கிற வயதுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. டில்லியில் 2010 பொதுநலவாய விழாவுக்கு இரண்டு கிழமைகூட இல்லாதபோது பிரதான மைதானத்தின் நடைபாலம் இடிந்து விழுந்தது. கழிப்பறைக் காகிதச் சுருள் ஒன்றுக்கு 4,000 ரூபாய் விலை போட்டதாகப் பத்திரிகைகள் எழுதின. சேரிகளைத் திரை கட்டி மறைத்தார்கள். பிச்சைக்காரரை நகரத்துக்கு வெளியே ஏற்றி அனுப்பினார்கள். மறுவருடம் ஏப்ரலில் ஏற்பாட்டுக் குழுத் தலைவர் சுரேஷ் கல்மாடி கைதானார். இவ்வளவும் நடந்து ஏழாம் மாதத்தில்தான் அம்பாந்தோட்டை ‘எங்களுக்கும் ஒன்று’ என்று சென் கிட்ஸில் வரிசையில் நின்றது. இன்னொரு வேடிக்கை: 2026 விழாவை ஏற்றுக்கொண்ட விக்டோரியா மாநிலம், செலவுக் கணக்கைப் பார்த்துப் பயந்து 2023இல் விலகியது. விலகியதற்கு 38 கோடி அவுஸ்திரேலிய டொலர் நட்டஈடு கட்டியது. நடத்தினாலும் நட்டம், நடத்தாமல் விட்டாலும் நட்டம். இப்படி ஒரு வியாபாரத்தைப் பத்து வட்டிக்காரர் கூடியிருந்து யோசித்தாலும் கண்டுபிடிக்க முடியாது.

சரி, இலங்கை விளையாட்டு விழாவே நடத்தாத நாடு அல்ல. தெற்காசிய விழாவைக் கொழும்பு இரண்டு தடவை நடத்தியிருக்கிறது. இரண்டாம் தடவை நடத்தியது பத்தாவது தெற்காசிய விளையாட்டு விழா. 2006 ஆகஸ்ட் 18 முதல் 28 வரை, எட்டு நாடுகள், சுகததாச மைதானத்தில் தொடக்கம். விழாவின் மகுட வாசகம்: சமாதானம், சுபீட்சம், முன்னேற்றம்.

2006 ஆகஸ்ட். வெருகல்காரருக்கு இந்தத் திகதியை யாரும் விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

அந்த ஜூலையில், வெருகலாற்றில் இருக்கிற மாவிலாற்று அணைக்கட்டைப் புலிகள் மூடினார்கள். புலிகளின் பகுதிச் சனத்துக்கும் குடிநீர்த் திட்டம் வேண்டும் என்பது அன்று வைக்கப்பட்ட கோரிக்கைகளில் ஒன்று. கீழே ஆயிரக்கணக்கான விவசாயக் குடும்பங்களின் வயல் காய்ந்தது. அவர்களில் சிங்களவரும் இருந்தார்கள், முஸ்லிம்களும் தமிழரும் இருந்தார்கள். தண்ணீருக்காகத் தண்ணீரை மறித்தவர்களின் அறிவையும் நான் மெச்சவில்லை. தண்ணீரைத் திறக்க விமானத்தை அனுப்பியவர்களின் அறிவையும் மெச்சவில்லை. ஜூலை 26இல் குண்டு விழத் தொடங்கியது. ஆகஸ்ட் 2இல் சண்டை மூதூருக்குள் வந்தது. முஸ்லிம் சனம் கந்தளாய்க்கு ஓடியது. ஆகஸ்ட் 4இல் மூதூரில் ‘பட்டினிக்கு எதிரான நடவடிக்கை’ என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் ஊழியர்கள் 17 பேர், அவர்களது அலுவலக வளவிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 16 பேர் தமிழர், ஒருவர் முஸ்லிம். அவர்கள் செய்த குற்றம் கிணறு இறைத்ததும் தண்ணீர் கொடுத்ததும். ஆகஸ்ட் 14இல் முல்லைத்தீவில் செஞ்சோலை வளாகத்தில் விமானக் குண்டு, பிள்ளைகள் செத்தார்கள். அதே நாள் கொழும்பிலும் குண்டு வெடித்து ஏழு பேர் இறந்தார்கள். கிரிக்கெட் ஆட வந்திருந்த தென்னாபிரிக்க அணி ஆடாமலே வீட்டுக்குப் போனது.

நாலு நாள் கழித்து, ஆகஸ்ட் 18. சுகததாச மைதானத்தில் வாணவேடிக்கை. சமாதானம், சுபீட்சம், முன்னேற்றம்.

அங்கே வானத்தில் வெளிச்சம், இங்கேயும் வானத்தில் வெளிச்சம். அங்கே வீரர்கள் ஓடினார்கள், இங்கே சனம் ஓடியது. ஓட்டப் பாதையைக்கூடச் சொல்லலாம்: ஈச்சிலம்பற்று, வெருகல், கதிரவெளி, வாகரை. விழா முடிகிற நாட்களிலேயே சம்பூரை நோக்கிப் படை நகர்ந்தது. செப்டம்பர் 4இல் சம்பூர் விழுந்தது. நவம்பர் 8இல், ஓடிப்போய்த் தங்கியிருந்த கதிரவெளிப் பாடசாலையில் ஷெல் விழுந்தது. 40க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். 2007 ஜனவரி 19இல் வாகரையும் விழுந்தபோது, ஓட இன்னும் தெற்கே மட்டக்களப்பு மட்டும்தான் மிச்சமிருந்தது. இந்த ஓட்டத்தில் ஓடியவர்களுக்கு யாரும் பதக்கம் குத்தவில்லை, நிவாரண அட்டைதான் கிடைத்தது. அந்த விழாவில் இலங்கை 37 தங்கம் வென்றது என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். அந்த ஆகஸ்டில் மூதூர் கிழக்கில் எத்தனை பேர் செத்தார்கள் என்ற கணக்கை யார் வைத்திருக்கிறார்கள்?

அதற்காக எங்கள் பக்கத்தைப் பூசி மெழுகவும் நான் வரவில்லை. 2004 பெரிய வெள்ளியன்று இதே வெருகலாற்றின் இரண்டு கரையிலும் துவக்கோடு நின்றவர்கள் தமிழ்ப் பிள்ளைகள். வன்னியிலிருந்து வந்த புலிகளும், அவர்களிடமிருந்து பிரிந்த கருணாவோடு நின்றவர்களும். ஆற்றைக் கடந்து சுட்டார்கள். சித்திரைப் புத்தாண்டுக்கு நாலைந்து நாள் இருந்தது. அந்தப் போட்டியில் வென்றவரும் தோற்றவரும் ஒரே பரிசாகத் தாய்மாரின் ஒப்பாரியைத்தான் வீட்டுக்குக் கொண்டு போனார்கள்.

விண்ணப்பத்துக்கு வருகிறேன். உங்கள் நகரத்தில் ஏற்கெனவே என்ன போட்டிகள் நடக்கின்றன என்று கேட்பார்கள். நடை என்று எழுதலாம். யாழ்ப்பாணம் செல்வச்சந்நிதியிலிருந்து வருடாவருடம் கதிர்காமப் பாதயாத்திரை புறப்படுகிறது. திருகோணமலை கடந்து, வெருகல் சித்திர வேலாயுத சுவாமி கோயிலில் தங்கி, மட்டக்களப்பு, பொத்துவில், யால காடு என்று நடந்து கதிர்காமம் சேர்கிறது. கதிர்காமத்துக்கு அடுத்த பக்கம்தான் அம்பாந்தோட்டை. கிழவிகள் செருப்பில்லாமல் நடந்து முடிக்கிற அந்தத் தூரத்தை, அம்பாந்தோட்டையில் கொட்டிய அபிவிருத்தியால் இன்றுவரை எதிர்த் திசையில் நடந்து வர முடியவில்லை. படகோட்டம் என்று எழுதலாம். பாலம் கட்டும்வரை வெருகலாற்றைப் ‘பாதை’ என்கிற மிதவையில்தான் கடந்தோம், வாகனமும் ஆடும் மாடும் பிரேதமும் எல்லாம் அதில்தான். நீச்சல் பற்றி எழுதவே தேவையில்லை. அதற்கு மாரி பொறுப்பு.

வெளிநாட்டில் பங்குபற்றிய அனுபவம்? அதுவும் உண்டு. 2004இல் இலங்கைத் தேசிய கைப்பந்து அணி என்று 23 பேர் ஜேர்மனிக்குப் போனார்கள். ஆடினார்கள், தோற்றார்கள், ஒரு காலை மொத்த அணியும் இல்லை. பிறகுதான் தெரிந்தது, இலங்கைக்கு அப்படி ஒரு அணியே இருந்ததில்லை. 2022இல் பர்மிங்காம் பொதுநலவாய விழாவுக்குப் போனவர்களில் பத்துப் பேர் காணாமல் போனார்கள். கடவுச்சீட்டு எல்லாவற்றையும் அதிகாரிகள் முன்பே வாங்கி வைத்திருந்தும் போனார்கள். அரசாங்கம் பதறியது, பிரித்தானியப் பொலிஸார் சில நாட்களிலேயே மூன்று பேரைக் கண்டுபிடித்தார்கள். வடக்குக் கிழக்கில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் 2017இலிருந்து தெருவோரத்தில் பந்தல் போட்டு, படத்தை மடியில் வைத்துக்கொண்டு, பிள்ளை எங்கே என்று கேட்கிறார்கள். இருந்து கேட்டே செத்துப்போனவர்களும் அதிகம். அவர்களுக்காக எந்தப் பொலிஸ் பதறியது?

சொந்த வீரர்களே வாழ முடியாமல் ஓடிப்போகிற நாட்டுக்கு உலகத்தின் வீரர்களை விருந்துக்குக் கூப்பிட எப்படித்தான் வாய் வந்ததோ.

2025 நவம்பர் 26இல் கிளாஸ்கோவில் பொதுநலவாய விளையாட்டு அமைப்பு கூடி, 2030 விழாவை அகமதாபாத்துக்குக் கொடுத்தது. அந்த நகரத்துக்கு அனுபவம் உண்டு: 2020 பெப்ரவரியில் டிரம்ப் வந்தபோது, சேரி தெரியக்கூடாதென்று தெருவோரம் மதில் கட்டியவர்கள். அதே கிழமைதான் இங்கே திட்வா புயல். நவம்பர் முடிவில் மகாவலி ஏறி, மாவிலாற்று அணைக்கட்டு உடைந்து, மூதூர், சேருவில, வெருகல் எல்லாம் தண்ணீருக்குள் போனது. சண்டைக்கு மூடிய அதே மாவிலாறு. பத்தொன்பது வருடத்தில் அந்த ஆற்றுக்கு ஆயுதம் வந்தது, அமைச்சர் வந்தார், நினைவுத் தூபி வந்தது. தண்ணீரைத் தாங்கக்கூடிய கரை வரவில்லை.

ஆகவே கனம் அமைச்சர்மாரே, ஐயா ஆளுநர்மாரே, எங்கள் விண்ணப்பத்தை நாங்களே மீளப் பெற்றுக்கொள்கிறோம். எங்களுக்கு மைதானம் வேண்டாம், மகுட வாசகம் வேண்டாம், எங்கள் பெயரைச் சொல்லிக் கடன் வாங்கவே வேண்டாம். எந்த நாட்டு விருந்தாளியும் வரப்போவதில்லை என்று தெரிந்துகொண்டே, வெருகலாற்றின் இரண்டு கரையையும் உயர்த்திக் கட்டுங்கள். ஐப்பசியில் மாரி தொடங்கிவிடும்.