பாவித்த கதிரை

இலங்கைத் தமிழில் செகண்ட்ஹாண்ட் சாமானுக்கு ‘பாவித்த சாமான்’ என்று பெயர். என் மாமியாருக்கு அந்தச் சொல்லில் ‘பாவி’ மட்டும்தான் கேட்கும். ஆகவே வெள்ளவத்தையில் 100ஆம் இலக்க பஸ் ஏறும்போது, பழைய கதிரை வாங்கக் கொள்ளுப்பிட்டிக்குப் போகிறேன் என்று வீட்டில் மூச்சு விடவில்லை. பல்லுக் காட்டப் போவதாகச் சொன்னேன்.

கொள்ளுப்பிட்டி என்றால் சிங்களத்தில் கொள்ளையிட்ட நிலம் என்று பொருள் சொல்வார்கள். தமிழில் ‘கொள்’ என்றால் வாங்கு. இரண்டுக்கும் நடுவில் எங்கேயோதான் நானாவின் கடை இருந்தது. காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை. ரயில் போகும்போதெல்லாம் கடையிலுள்ள கண்ணாடிச் சாமான் அத்தனையும் சேர்ந்து கிலுகிலுக்கும். அந்த உப்புக்காற்றில் புது இரும்பே சீக்கிரம் கிழடு தட்டிவிடும், பழசைப் பற்றிக் கேட்பானேன். கதவில்லாத பிரிட்ஜ், மூடியில்லாத பிளாஸ்க், கரம் போட்டியில் இரண்டாம் இடம் பெற்ற யாரோ ஒருவரின் வெற்றிக் கிண்ணம். அதற்கும் விலைச்சீட்டு தொங்கியது.

நடுவே என் சாய்மனைக் கதிரை. கைப்பிடிக்கு அடியிலிருந்து இன்னொரு பலகை சுழன்று முன்னால் நீளும். காலைத் தூக்கிப் போட்டால் ஊர்ப் பெரிய மனிதராகிவிடலாம். பிரம்புப் பின்னலில், நடு முதுகுக்கு நேரே, உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை.

“இது என்ன நானா?”

“காத்து வாறதுக்குத் தம்பி.”

விலை 35,000 ரூபாய். பழசாச்சே என்று இழுத்தேன். நானா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“2020 மார்ச்சில வாகன இறக்குமதிய நிப்பாட்டினாங்க. காருக்குத் திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில. நடுவில பழைய கார் வச்சிருந்தவன், ஓடோடெண்டு ஓடிப்போட்டு, வாங்கினதவிடக் கூட விலைக்கு வித்தான். கார் பழசானா விலை ஏறலாம், கதிரை மட்டும் இறங்கணுமா?”

என்னிடம் பதில் இல்லை. ஜப்பான்காரன் ஓட்டி அலுத்த காரை, இங்கே இன்னும் நம்பர் தகடு விழவில்லை என்ற ஒரே காரணத்துக்காகப் புதுக் கார் என்று சொல்லித் தேங்காய் உடைக்கிற ஆட்கள் நாங்கள். பஞ்சிகாவத்தைக்குப் போனால் களவு போன உங்கள் கார்க் கண்ணாடியையே பேரம் பேசி வாங்கலாம் என்பதும் எங்கள் ஊர்ப் பகிடிதான். நானே டி.ஆர். விஜேவர்தன மாவத்தையில் வாங்கிய பழைய பாடப்புத்தகத்தில், எவரோ கோடு போட்ட வரிகளை மட்டும் படித்துச் சோதனை பாஸானவன். கோடு போட்டவர் பாஸானாரோ தெரியாது.

27,500இல் வந்து நின்றோம். காசை எண்ணும்போதுதான் மாமியின் முகம் ஞாபகம் வந்தது. இதில் இருந்து ஆராவது செத்தவர்களா என்று மெல்லக் கேட்டேன்.

“சீச்சீ. நல்ல மனுசர். குடும்பத்தோட கனடாவுக்குப் போயிட்டாங்க.”

ஓட்டோவில் சீட்டு கதிரைக்கு. நான் அதன் மடியில். மரைன் டிரைவ் நெடுக, வெளியே நீட்டிக்கொண்டிருந்த கைப்பலகையைப் பார்த்து எதிரே வந்த வாகனங்கள் மரியாதையாக ஒதுங்கின.

வாசலில் மாமி. கதிரையைப் பார்த்தார். பிறகு என் வாயைப் பார்த்தார்.

“பல்லு டொக்டர் கதிரையும் குடுக்கிறாரோ?”

உண்மையைச் சொன்னேன்.

“ஆர் செத்த கதிரை?”

“ஒருத்தரும் சாகேல்லை மாமி. கனடாவுக்குப் போனவை.”

“ரெண்டும் ஒண்டுதான். திரும்பி வராயினம்.”

இரண்டு நாள் கதிரை விறாந்தையில் தீண்டத்தகாததாய்க் கிடந்தது. மஞ்சள் தண்ணீர் தெளித்தது யார் என்று நான் விசாரிக்கவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் வந்து பார்த்தால், ஓட்டைக்குத் தலையணை கொடுத்து, முகத்தில் பத்திரிகையை விரித்து, மாமி சாய்ந்திருந்தார். நான் பிளாஸ்டிக் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தேன்.

பத்திரிகைக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

“தம்பி, அடுத்தமுறை பல்லுக் காட்டப் போகேக்க, அந்தக் கனடாக்காரரிட்ட அலுமாரியும் இருந்ததோ எண்டு கேட்டுக்கொண்டு வாங்கோ.”