நாற்பது பேர் தேவை

கேள்வி: மாதாமாதம் சந்தா கட்டி, ஆண்டுக்கணக்கில் ஆன்லைன் விளையாட்டில் ஊறிக் கிடந்தவர்களுக்கே அது கசந்துபோவது ஏன்?
– வாசகர், சிப்காட், கும்மிடிப்பூண்டி

பதில்: ஒரு கற்பனை வீரனை உருவாக்கி, ஆயிரக்கணக்கானோர் உலவும் இணைய உலகில் அவனை வளர்த்தெடுக்கும் சந்தா விளையாட்டுகளில், 2004இல் வெளியான வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் தலையாயது, 2010இல் அதன் சந்தாதாரர்கள் 1.2 கோடியைத் தொட்டனர். 'ரெய்டு' எனப்படும் கூட்டுப் படையெடுப்புகளில் பெரியவற்றுக்குத் தொடக்க ஆண்டுகளில் 40 பேர் வரை ஒரே நேரத்தில் கூட வேண்டியிருந்தது. ஷிப்டு மாறிக்கொண்டேயிருக்கும் கும்மிடிப்பூண்டித் தொழிலாளர்களுள் நாற்பது பேரை ஒரே இரவில் திரட்டுவது, அரக்கனைக் கொல்வதைவிடக் கடினமான காரியம் என்பது வாசகர் அறியாததல்ல. அவ்வாறு உறக்கம் கெடுத்துச் சேர்த்த ஆயுதங்கள் பல, 2007 ஜனவரியில் 'விரிவாக்கம்' என்னும் புதிய பகுதி விற்பனைக்கு வந்ததும், அங்கே சில்லறை வேலைகளுக்குக் கூலியாகக் கிடைத்த சாமான்களுக்குக்கூட ஈடாகாமல் போயின. அடுத்தடுத்த விரிவாக்கங்களிலும் கதை இதுவே. பழைய கூட்டாளிகளும் திருமணம், குழந்தை, இரவுப்பணி என்று ஒவ்வொருவராகக் கழன்றுகொள்ள, எஞ்சியவருக்கு அது, சம்பளம் வாங்குவதற்குப் பதிலாகப் பணம் கட்டிப் பார்க்கும் இரண்டாவது ஷிப்டாகிவிடுகிறது. 2015இல் சந்தாதாரர்கள் 55 லட்சமாகக் குறைந்தபோது, நிறுவனமும் அதற்கொரு மருந்து கண்டது: எண்ணிக்கையை வெளியிடுவதையே நிறுத்திக்கொண்டது.