ஏ-ஒன் அண்ணாச்சி

அச்சன்புதூர் டீக்கடையில் அண்ணாச்சி, "நான் இப்ப ஜெர்மன் ஏ-ஒன் படிக்கேன்" என்றதும் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார்கள். ஏ-ஒன் என்றால் முதல் தரம் அல்லவா! ஐரோப்பிய கவுன்சில் 2001-இல் வெளியிட்ட ஆறு மொழித்திறன் படிகளில் அதுதான் அடிப்படி, அதற்குக் கீழே வெறும் தரை என்பதை அவர் சொல்லவில்லை. தானாக வருகிற மரியாதையை யார்தான் திருத்துவார்?

மகள் ஜெர்மனியில் நர்ஸ். நாலு வயதுப் பேரனுக்கு ஜெர்மன்தான் சரளம். அதனால்தான் 58 வயதில் இந்தப் பாடு.

மொழி அவருக்குப் புதிதல்ல. புளியரை தாண்டினால் மலையாளம், வளைகுடாவில் இருந்தபோது அரபி. இரண்டும் காது வழியே ஏறியவை. தப்பாகப் பேசினாலும் சாமான் கிடைத்தது. இதுவோ நோட்டு, பென்சில், மார்க்கு. நூற்றுக்கு அறுபது எடுத்தால்தான் பாஸ்.

ஆன்லைன் வகுப்பில் கூடப் படிப்பதெல்லாம் நர்சிங் முடித்த பிள்ளைகள். "அங்கிள், உங்க வயசு?" என்று ஜெர்மனில் கேட்டார் டீச்சர். அந்த மொழியில் ஒற்றை முன்னால், பத்து பின்னால். 58 என்பது 'எட்டும் ஐம்பதும்'. அண்ணாச்சி தமிழ் வரிசையிலேயே அடுக்கி, 85 என்று சொல்லிவிட்டார். யாரும் சிரிக்கவில்லை, நம்பிவிட்டார்கள். அதுதான் தாங்கவில்லை. கரண்ட் போய்விட்டதாகச் சொல்லிக்கொண்டு கேமராவை அணைத்தார்.

மறுநாள் 'ஏனென்றால்' போட்ட வாக்கியத்தில் வினைச்சொல் கடைசிக்குப் போகும் என்றதும் தலை நிமிர்ந்தது. "நம்ம தமிழ்லா வே இது!" அந்தப் பெருமை ஒரு சாயங்காலம் தாங்கியது. பிறகு அடுக்களை. கரண்டி ஆண்பால், முன்னால் 'டெர்'; முள்கரண்டி பெண்பால், 'டீ'; கத்தி இரண்டுமில்லை, 'டாஸ்'; சிறுமியும் இரண்டுமில்லை. சாமான்தோறும் சீட்டு ஒட்டினார். கரண்டிச் சீட்டு சாம்பாரில் மிதந்தது.

"கரண்டிக்கு மீசையா மொளச்சிருக்கு?" என்றாள் மதினி.

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் கரண்டியைத் தூக்கிக் காட்டி, "டீ லோஃபல்" என்றார். "டெர், ஓபா! டெர்!" பேரன் உருண்டு புரண்டு சிரித்தான். வகுப்பில் இதே தப்புக்கு வேர்த்துக் கொட்டியிருக்கும். அண்ணாச்சி கண்ணை உருட்டி, "டாஸ் லோஃபல்?" என்றார். பிள்ளைக்கு மூச்சு முட்டியது. அப்புறம் கத்தி, முள்கரண்டி என்று ஒவ்வொன்றாக எடுத்து, தெரிந்தே பால் மாற்றினார்.

அடுக்களையிலிருந்து குரல் வந்தது: "ஆணோ பொண்ணோ, அந்தக் கரண்டியக் கொண்டாங்க. கொழம்பு பொங்குது."