அரை நாழிகையின் லட்சணம்

யானைக்கும் குதிரைக்கும் லட்சண சாஸ்திரம் உண்டு. இரத்தினத்துக்குப் பரீட்சை நூல் உண்டு. சுவரிலிருந்து விழும் பல்லிக்குக்கூட, இன்ன அங்கத்தில் விழுந்தால் இன்ன பலன் என்று பஞ்சாங்கத்தில் விதி வகுத்து வைத்திருக்கிற இந்த நாட்டில், கல்லூரிக் கருத்தரங்கில் எழுந்து நின்று கட்டுரை வாசிக்கிறவருடைய லட்சணத்தை மட்டும் ஒருவரும் முறைப்பட ஆராயவில்லை என்பது, நம் ஆராய்ச்சி உலகத்துக்கு நேர்ந்த பெருங்குறையென்றே சொல்ல வேண்டும். பவணந்தி முனிவர் தம் நன்னூலின் பொதுப்பாயிரத்தில் நூல், ஆசிரியன், பாடம் சொல்லும் முறை, மாணாக்கன், பாடம் கேட்கும் முறை ஆகிய ஐந்தையும் வரிசையாக விளக்கி, நூலுக்கு ஆகாத குற்றங்கள் 10, வேண்டிய அழகுகள் 10, உத்திகள் 32 என்று கணக்கும் கொடுத்தாரேயொழிய, மதிய போஜனத்துக்குப் பிறகு, சாம்பாரும் பாயசமும் தம் வேலையைத் தொடங்கிவிட்ட சபையின் முன்னால், பிற்பகல் இரண்டேகால் மணிக்கு வாய் திறக்க வேண்டியவரைப் பற்றி ஒரு சூத்திரமும் செய்தாரில்லை. அக்குறையை ஓரளவேனும் தீர்ப்பது இவ்வியாசத்தின் பிரயோஜனமாகும்.

ஆராய்ச்சிக்கு முதற்கண் வேண்டுவது அளவை. கட்டுரையாளருக்கு நிகழ்ச்சி நிரலில் வழங்கப்படும் காலத்தை 12 நிமிஷம் என்று கொள்வோம். பழைய தமிழ்க் கணக்கில் நாழிகை ஒன்றுக்கு 24 நிமிஷமாதலால், இது சரியாக அரை நாழிகை. முல்லைப்பாட்டில் வரும் பாசறையிலே, சிறு வட்டிலின் நீரளவைப் பார்த்து அரசனுக்குப் பொழுது அறிவித்த நாழிகைக் கணக்கரையும், ஏதென்ஸ் நகரத்து நியாய ஸ்தலங்களிலே, வாதியும் பிரதிவாதியும் பேசும் காலத்தை நீர்க்கடிகாரத்தால் வரையறுத்த கிரேக்கரையும் நோக்குமிடத்து, காலத்தை நீரால் அளக்கும் வழக்கம் மிகப் புராதனமானது என்பது விளங்கும். அந்தக் கிரேக்கர்கள், சாசனமோ சாட்சிப் பத்திரமோ வாசிக்கப்படும் பொழுதில் நீரின் ஒழுக்கை அடைத்து வைக்கும் அளவுக்கு நியாயஸ்தர்களாக இருந்தார்கள். மேலும், அவர்கள் ஒருவனுக்கென்று ஊற்றிய நீரை வேறொருவன் வந்து குடித்துவிட்டுப் போனதில்லை. நம்முடைய சிக்கல் இங்கேதான் உற்பத்தியாகிறது.

குடிக்கப்படும் விதத்தைச் சற்று அருகிலிருந்து காண்போம். துவக்க விழா 10 மணிக்கென்று அழைப்பிதழில் அச்சாகியிருக்கும். சிறப்பு விருந்தினருடைய கார் கல்லூரி வாசலில் திரும்பும்போது மணி 10-40. தமிழ்த்தாய் வாழ்த்து முடிந்து குத்துவிளக்கு ஏற்ற முற்படுகையில், மேடைக்கு மேலே சுழலும் மின்விசிறியை நிறுத்தினாலொழியத் திரி பற்றாது என்பது தெரியவரும். அந்த மின்விசிறிக்குரிய சுவிட்ச் எது என்பதை அறிந்த ஒரே மனிதர் அப்போது தேநீருக்குச் சொல்லப் போயிருப்பார். விளக்கு எரிந்து, வரவேற்புரையில் மேடையிலிருப்போரெல்லாம் பட்டம் பதவிகளுடன் ஒருமுறை விளிக்கப்பட்டு, தலைமையுரையில் மறுமுறை விளிக்கப்பட்டு, வாழ்த்துரைகளில் மும்முறையும் நான்முறையும் விளிக்கப்பட்ட பின்னர், பொன்னாடை வரும். புகைப்படக்காரர் "சார், இன்னொரு தடவை" என்பாராகையால் அது இரண்டு தடவை போர்த்தப்படும். அதற்குமேல் ஆய்வுக் கோவை வெளியீடு. 11-15-க்குத் தொடங்க வேண்டிய முதல் அமர்வு 12-20-க்குத் தொடங்க, அதன் அக்கிராசனர் எழுந்து, நேரம் மிகக் குறைவாக இருக்கிறது என்னும் பொருளைப் பற்றிக் கால் மணி நேரம் விஸ்தாரமாகப் பேசுவார். அரை நாழிகையாக இருந்தது இப்போது ஐந்து நிமிஷம். கடைசி அமர்வுக்கு வரும்போது அது மூன்று நிமிஷமாகவும், "தலைப்பையும் முடிவுரையையும் மட்டும் சொல்லுங்கள்" என்னும் ஆணையாகவும் தேய்ந்திருக்கும். எனவே, கருத்தரங்கப் பிரசங்கமாவது பிறர் பேசியது போக எஞ்சிய காலம் என்பதே எமது சித்தாந்தம்.

சுருக்கம் நல்லதுதானே, 2003-ஆம் ஆண்டில் டோக்கியோ நகரத்தில் தோன்றிய பெச்சா குச்சா என்னும் முறையில் 20 படங்களை ஒவ்வொன்றும் 20 வினாடி வீதம் காட்டி 6 நிமிஷம் 40 வினாடியில் முடித்துவிடுகிறார்களே, ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகம் 2008-இல் தொடங்கிவைத்த போட்டியில் முனைவர் பட்ட ஆய்வு முழுவதையும் ஒரே படத்தின் துணையுடன் 3 நிமிஷத்தில் சொல்லிவிடுகிறார்களே என்று ஆட்சேபிப்பாரும் உளர். அவர் மதம் பொருந்தாது. என்னை? அங்கே பேசுகிறவருக்கு மூன்று நிமிஷம் என்பது மூன்று மாதத்துக்கு முன்பே தெரியும். நம்மவருக்கோ, 31 ஸ்லைடுகளைச் சுமந்துகொண்டு மைக்கின் முன்னால் வந்து நின்று தொண்டையைச் செருமிய பிற்பாடுதான் தெரியும்.

இவ்வளவு சொற்பமான காலத்துக்காகத் திருநெல்வேலியிலிருந்து இரவு முழுதும் பஸ்ஸில் உட்கார்ந்தபடியே ஏன் வருகிறார்கள் என்று கேட்கலாம். இதற்குக் காரணத்தை இலக்கணத்தில் தேடிப் பயனில்லை. பல்கலைக்கழக மானியக் குழு 2010-ஆம் ஆண்டில் வெளியிட்ட விதிகளில் தேட வேண்டும். கருத்தரங்கில் கட்டுரை வாசித்தால், சர்வதேசமாயின் 10 புள்ளி, தேசியமாயின் 7.5, மாநில அளவில் 5, உள்ளூராயின் 3 என்று அவ்விதிகள் நிர்ணயம் செய்தன. பதவி உயர்வு இப்புள்ளிகளைப் பற்றிக்கொண்டு மேலே ஏற வேண்டியதாயிற்று. இதன் பலனாக, அதுவரை கல்லூரிக் கருத்தரங்கம் என்ற பெயரோடு அடக்கமாக நடந்துவந்தவையெல்லாம் ஒரே பருவத்தில் பன்னாட்டுக் கருத்தரங்கங்களாகப் பரிணமித்தன. யாழ்ப்பாணத்திலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ ஒரே ஒரு பேராசிரியர் வந்து இறங்கிவிட்டால் பன்னாடும் வந்ததாக ஐதிகம். அவருக்கு விசா கிடைக்காமற்போனாலும் குற்றமில்லை, வாழ்த்துச் செய்தி வந்தால் போதும். 1964-இல் புது தில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் பிறப்பதற்கும், 1966-இல் கோலாலம்பூரில் முதல் மாநாடு கூடுவதற்கும் தனிநாயகம் அடிகள் பட்ட பாடுகளை அறிந்தவர்கள், இந்த வசதியைக் கண்டு பெருமூச்சு விடலாம். பின்னர் 2018-ஆம் ஆண்டு விதிகள் வெளிநாட்டில் நடப்பதற்கு 7, உள்நாட்டுச் சர்வதேசத்துக்கு 5, தேசியத்துக்கு 3, மாநிலத்துக்கு 2 என்று பிடியை இறுக்கின. பன்மை குன்றியதாகத் தெரியவில்லை.

ஆதலால் தயாரிப்பு என்பது தலைப்பில் தொடங்கித் தலைப்பிலேயே பெரும்பாலும் நிறைவெய்துகிறது. இதில் தவறும் இல்லை. சபையோர் முழுமையாகக் கேட்கப்போவதும், சான்றிதழில் அச்சாகப்போவதும் தலைப்பு ஒன்றே. திருக்குறளில் மேலாண்மை, சிலப்பதிகாரத்தில் மேலாண்மை, நாட்டுப்புறப் பாடல்களில் மேலாண்மை என்று எடுத்துக்கொண்டால் மூன்று கருத்தரங்குகளுக்கு முன்னுரை ஒன்றே போதும் என்பது அனுபவசாலிகளின் துணிபு.

அடுத்தது ஸ்லைடு. அமெரிக்காவில் ஃபோர்தாட் என்னும் சிறு கம்பெனியில் ராபர்ட் காஸ்கின்ஸ், டென்னிஸ் ஆஸ்டின் முதலியோர் சேர்ந்து 1987-இல் வெளியிட்ட பவர்பாயிண்ட், ஆதியில், விளக்குப்பெட்டியின் மேல் வைத்துக் காட்டும் கண்ணாடித் தாள்களைக் கறுப்பு வெள்ளையில் அச்சிடுவதற்கே பயன்பட்டது. அதே ஆண்டில் மைக்ரோசாஃப்ட் அதை 1 கோடியே 40 லட்சம் டாலருக்கு வாங்கிற்று. அப்போது அவர்கள் மனத்தில், கட்டுரையின் ஐந்து பக்கங்களையும் ஒரு வரி விடாமல் ஐந்து ஸ்லைடுகளில் ஏற்றிவிட்டு, சபைக்கு முதுகைக் காட்டி நின்று, அவற்றை உரக்க வாசிக்கும் ஒரு சம்பிரதாயம் காவிரிக் கரையில் தோன்றும் என்ற எண்ணம் இருந்திராது. கூறியது கூறல் என்று இலக்கணம் கடிந்தது இதையே எனலாம். ஒரே பொருளை ஒரே சமயத்தில் கண்ணுக்கு ஒருமுறையும் காதுக்கு ஒருமுறையும் கூறுவதால் குற்றம் இரட்டிக்கிறது.

எழுத்துரு பற்றியும் சொல்லியாக வேண்டும். சென்னையில் 1999-இல் நடந்த தமிழ் இணைய மாநாட்டில் விசைப்பலகைக்கு ஒழுங்கு பிறந்தது; 2010-இல் தமிழக அரசு யூனிகோடை ஏற்றது; இருந்தபோதிலும் வீட்டில் பாமினியில் தட்டச்சு செய்த பழக்கம் சிலருக்கு இன்னும் போகவில்லை. அவருடைய பென் டிரைவ், அந்த எழுத்துரு இல்லாத கல்லூரிக் கணினியில் நுழைந்த மாத்திரத்தில், திரையில் தொல்காப்பியம் மறைந்து ஆங்கிலச் சிற்றெழுத்துகள் வரிசை வரிசையாக நிற்கும். மெய்யெழுத்தின் தலையில் புள்ளி இருக்க வேண்டிய இடந்தோறும் ஓர் அரைப்புள்ளி. முதல் வரிசையில் அமர்ந்திருக்கும் ஓய்வு பெற்ற பேராசிரியர், இது பிராமி எழுத்தோ என்று ஐயுற்றுக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்வார். வாசிப்பவர், "எழுத்துரு மாறிவிட்டது, மன்னிக்கவும்" என்று சொல்லிவிட்டு, அந்தத் திரையைப் பார்த்தே தடங்கலின்றி வாசித்துக்கொண்டு போவாரானால் அவர் கட்டுரையை மனப்பாடம் செய்தவரென்று அறிக. அத்தகையோரை யாம் உண்மையாகவே மதிக்கிறோம்.

வாசிப்பு நடுவே ஒரு மாணவி வந்து துண்டுச் சீட்டொன்றை வைப்பாள். சீட்டைக் கண்டவுடன் முடிப்பவர் உத்தமர். கண்டு, "முடிக்கப் போகிறேன்" என்று கூறி மேலும் ஏழு நிமிஷம் பேசுபவர் மத்திமர். சீட்டை எடுத்துத் தம் தாள்களுக்கிடையே பத்திரமாகச் செருகிக்கொள்பவர் அதமர். அதமரே எண்ணிக்கையில் மிகுதியாக இருப்பதோடு, பெரும்பாலும் மூத்த பேராசிரியராகவும் இருப்பதால், அவர் விஷயத்தில் அக்கிராசனர் செய்யத்தக்கது ஒன்றுமில்லை. மற்றவர்களுக்கு நேர்வது, சென்று தேய்ந்து இறுதல். ஆராய்ச்சியின் நோக்கம், எல்லை, முன்னோர் ஆய்வு என்று யானை நடையில் புறப்பட்டு, தாம் கண்ட புதுமை இருக்கும் பக்கத்தை எட்டுகையில், "நேரமின்மையால் இதை விட்டுவிடுகிறேன்" என்று அதையே தாண்டிச் செல்வார்கள். முன்னுரையை நேரமின்மையால் விட்டவர் எவரையும் யாம் கண்டதில்லை. அந்தப் புதுமையைப் பின்னர் ஆய்வுக் கோவையில் படித்துக்கொள்ளலாம் என்பார்கள். ஒன்பது புள்ளி எழுத்தில், இரண்டு பத்தியாக, செங்கல்லின் கனத்தில் கட்டப்பட்ட அத்தொகுதியில் அவரவர் தம் பக்கத்தைப் பார்த்துப் பெயரில் பிழையில்லை என்று உறுதி செய்துகொண்டு மூடிவிடுவது வழக்கம்.

வினாப் பகுதி விரைவில் முடியும். "இது வினாவன்று, ஒரு கருத்து" என்று எழுபவருக்கு ஒரு கட்டுரை கைவசம் இருக்கிறது. "இந்தக் கோணத்தில் 1987-இலேயே நான் எழுதியிருக்கிறேன்" என்பவருக்கு ஒரு நூல் இருக்கிறது. உள்ளபடியே ஒன்றைத் தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்கும் இளங்கலை மாணவர் எப்போதாவது ஒருவர் அகப்படுவார்; அவரை, தேநீர் இடைவேளையில் பேசிக்கொள்ளலாம் என்று உட்கார வைத்துவிடுவார்கள்.

இனிக் கேட்போர். காலை அமர்வில் நிறைந்திருந்த மண்டபம், வாசித்து முடித்தவர்கள் சான்றிதழை வாங்கிக்கொண்டு பஸ் பிடிக்கப் போகப் போகக் குறைந்து, நான்கரை மணிக்கு இனி வாசிக்க வேண்டியவர்கள் மாத்திரம் எஞ்சுவர். அவர்களும் தத்தம் தாளில் எதை வெட்டுவது என்று பென்சிலும் கையுமாக இருப்பார்களாகையால் கேட்போராகக் கணக்கிடத் தகார். துவக்க விழா முதல் நன்றியுரை வரை ஒரு சொல்லும் விடாமல் கேட்டவர் யாரென்று தேடினால், பக்கவாட்டுச் சுவரோரம் ஆம்ப்ளிஃபயருக்கு அருகில் பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்ந்திருக்கும் மைக்செட்காரர் ஒருவரே தேறுகிறார். அவரை அணுகி, இன்று வாசிக்கப்பட்டவற்றுள் எது சிறந்தது என்று வினவினோம். சிறிதும் யோசியாமல், "மத்தியானம் மூணாவதா ஒரு அம்மா பேசுனாங்களே, அது நல்லா இருந்துச்சு சார். ஆனா மைக்க விட்டு ஒரு முழம் தள்ளியே நின்னுட்டாங்க" என்றார்.