தபால்தலை போகும், நாய் போகாது

ராஜபாளையம் நாய்க்கு இந்திய அரசு 2005-இல் தபால்தலை வெளியிட்டுப் பெருமை சேர்த்தது. அந்தத் தபால்தலையை உறையில் ஒட்டிப் பெட்டியில் போட்டால் காஷ்மீர் வரை போய்விடும். உயிருள்ள ராஜபாளையத்தைச் சென்னையில் நாய்களுக்கு நடக்கும் தடை தாண்டும் போட்டிக்கு ரயிலில் கூட்டிப் போய்ப் பாருங்கள். 'நாய் படாத பாடு' என்ற சொல்லையே திருத்தி எழுத வேண்டியிருக்கும். நாயும் சேர்ந்தல்லவா படுகிறது!

2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலியில் பேசினார். ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று பெயர் பெயராகச் சொல்லி, நாட்டு நாய்களை வளர்க்கச் சொன்னார். தெற்கத்திச் சீமையே புல்லரித்தது. வளர்த்தாயிற்று ஐயா. அடுத்து என்ன செய்ய?

கரிசல் காட்டில் மூன்று சிப்பிப்பாறை வளர்க்கும் சம்சாரி ஒருவர் ரயில் நிலையத்துக்குப் போகிறார் என்று வையுங்கள். விதி தெளிவானது. முதல் வகுப்பு ஏசியில் ஓர் அறை முழுவதையும் எடுத்துக்கொண்டால் நாய் கூடவே வரலாம். ஸ்லீப்பரில் போகிறவரின் நாய்க்குக் கடைசிப் பெட்டியில், கார்டு வேனில் கூண்டு. டிக்கெட் கிடையாது, லக்கேஜ் ரசீதுதான். பிரதமர் பெயர் சொல்லிப் பாராட்டிய உயிர், பார்சல் ஆபீஸில் இத்தனை கிலோ. அந்தக் கூண்டிலும் இடம் கொஞ்சம்தான். மற்ற இரண்டு நாயும் வீட்டில் இருந்து வானொலி கேட்கட்டும்.

முயலை விரட்டிப் பிடிக்கவென்றே தலைமுறை தலைமுறையாக வளர்த்த இனம் சிப்பிப்பாறை. உடம்பில் பாதி கால். அந்தக் காலை மடக்கி, இருட்டில், சக்கரச் சத்தத்தில் ஒரு ராத்திரி முழுக்கக் கிடந்துவிட்டு, காலையில் மைதானத்தில் அது பாய வேண்டுமாம். ஓட்டப்பந்தய வீரனைச் சாக்கில் கட்டிக் கொண்டுபோய், "ஏன் ஓட மாட்டேன் என்கிறான்?" என்று கேட்பதற்குச் சமம் இது.

சட்டம் இல்லாமல் இல்லை. விலங்குகளை ஏற்றிச் செல்வதற்கான 1978-ஆம் ஆண்டு விதிகள் பொன்னெழுத்தில் பொறிக்கத் தக்கவை. கால்நடை மருத்துவரின் சான்றிதழ் வேண்டும். கோடையில் நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை தண்ணீர் காட்ட வேண்டும். யார் காட்டுவது? நாயின் சொந்தக்காரர்தான். வண்டி நிற்பது இரண்டு நிமிடம். நடுப்பெட்டியிலிருந்து குதித்து, கையில் வாளியோடு, தூங்குகிறவர்களையும் மூட்டைகளையும் தாண்டிக் கடைசிப் பெட்டிக்கு ஓடி, தண்ணீர் காட்டி, விசில் ஊதுவதற்குள் திரும்பி ஏற வேண்டும். தடை தாண்டும் போட்டி எழும்பூருக்கு முன்பே முடிந்துவிடுகிறது. அதில் ஓடியது நாய் அல்ல, சம்சாரி.

ரயில்வே மாறவே இல்லை என்று சொன்னால் பாவம். 2022-இல் 'கார்டு' என்ற பெயரை 'டிரெயின் மேனேஜர்' என்று மாற்றியது. கூண்டு மட்டும் அதே கூண்டு. பெயர்ப்பலகைக்குப் பெயிண்ட் அடிப்பதைத்தான் நாம் சீர்திருத்தம் என்கிறோம்.

அதே 2022-இல் இன்னொரு நாயும் செய்தியில் வந்தது. தில்லி தியாகராஜ் விளையாட்டரங்கில் ஓர் அதிகாரி தன் நாயோடு உலாவுவதற்காக, பயிற்சி செய்யும் பிள்ளைகளைச் சாயங்காலமே வெளியே அனுப்புகிறார்கள் என்று பத்திரிகையில் படத்தோடு வந்தது. ஊர் கொதித்ததும் அதிகாரியை லடாக்குக்கு மாற்றினார்கள். அவருடைய நாய் எந்தக் கூண்டில் போனது என்று யாரும் கேட்கவில்லை. ஆக, இந்த நாட்டில் நாய்க்கு மரியாதை இல்லை என்று சொல்லவே கூடாது. கயிற்றின் மறுமுனையை எந்தக் கை பிடித்திருக்கிறது என்பதுதான் கணக்கு.

விளைவைப் போட்டி மைதானத்தில் போய்ப் பாருங்கள். காரில் ஏசி போட்டு வந்து இறங்கும் நாய்கள் நிற்கும். நாட்டு நாயைப் பட்டினி கிடந்து காப்பாற்றிய சம்சாரி அங்கே இருக்க மாட்டார். கோப்பையும் புகைப்படமும் கார் வைத்திருப்பவருக்கு. நாட்டு நாயின் பெருமை மேடையில் பேசுபவருக்கு.

ஆட்சியாளர்களே, தபால்தலையும் உரையும் போதும். காற்றும் வெளிச்சமும் உள்ள நாலு கூண்டு, ஒரு தண்ணீர்க் குழாய், நாயோடு வருபவர் பக்கத்திலேயே உட்கார ஒரு பலகை: இவற்றைக் கடைசிப் பெட்டியில் வையுங்கள். அது முடியாதென்றால், நாட்டு நாயைப் பற்றி இனிப் பேசாதீர்கள்.