மச்சான் வண்டி

எனக்குச் சொந்தமாகக் கார் கிடையாது. கார் வைத்திருப்பவனுக்கு வரும் கவலைகள் மட்டும் ஒன்று விடாமல் இருக்கின்றன. என் மனைவியின் அண்ணன் வேலை மாற்றலாகி டாலஸுக்குப் போனபோது, வாங்கி ஒரு வருஷம்கூட ஆகாத காரை, வேளச்சேரியில் எங்கள் ஃபிளாட்டுக்குக் கீழே சும்மா கிடந்த பார்க்கிங்கில் நிறுத்திவிட்டுப் போனார். பின்பக்கக் கண்ணாடியில் கொட்டை எழுத்தில் ‘அய்யனார் துணை’. அய்யனாருக்கு அடுத்த துணை நான்.

“வாரத்துக்கு ஒருதரம் அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி வைங்க, போதும் மாப்பிள்ளை. வெளியில எடுக்க வேண்டாம். கிலோமீட்டர் ஏறினா ரீசேல் விழுந்துரும்.”

பெண் கொடுத்த வீட்டுக்காரர் பேச்சை மீறும் தைரியம் எனக்கில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு வீடியோ காலில் வந்துவிடுவார். அவருக்கு அது சனிக்கிழமை ராத்திரி. நான் போனை ஒரு கையில் பிடித்துக்கொண்டு சாவியைத் திருப்புவேன். “ஆக்ஸிலேட்டர்ல லேசா காலை வைங்க… பானட்டுகிட்ட போனைக் கொண்டு போங்க…” என்று டாலஸிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு எஞ்சின் கச்சேரி கேட்பார். அஞ்சு நிமிஷம் ஆனதும் அணைத்துவிட்டு, கார் ஓட்டிய களைப்போடு மாடியேறி வந்து இட்லி சாப்பிடுவேன்.

ஒரு ஞாயிறு சாவியைத் திருப்பினால் ‘டிக்’கென்று ஒரு சத்தம். அவ்வளவுதான். செல்ஃப் எடுக்கவில்லை.

மெக்கானிக் வந்தார். ஜம்பர் கேபிள் போட்டு உயிர் கொடுத்துவிட்டு, வாராந்தர வழிபாட்டைப் பற்றிக் கேட்டதும் தலையில் கைவைத்துக்கொண்டார். “ஸ்டார்ட் பண்ற அந்த ஒரு செகண்டுக்குத்தான் சார் பேட்டரி நிறையக் குடுக்குது. சும்மா ஐடிலிங்ல அஞ்சு நிமிஷம் வச்சா அது திரும்ப ஏறாது. வாராவாரம் கடன் வாங்கியிருக்கீங்க, வட்டிகூட கட்டல.”

சைலன்சர் கதை இன்னும் மோசம். பெட்ரோல் எரிந்தால் புகை மட்டுமல்ல, தண்ணீரும் வரும். ஒரு லிட்டர் பெட்ரோலுக்குக் கிட்டத்தட்ட ஒரு லிட்டர். வண்டி நன்றாக ஓடிச் சூடானால் அது ஆவியாகவே வெளியேறிவிடும். அஞ்சு நிமிஷத்தில் அணைத்தால் சைலன்சருக்குள்ளேயே தங்கி, நிதானமாகத் துருப்பிடிக்க வைக்கும். எஞ்சின் ஆயிலிலும் கொஞ்சம் ஈரம் சேரும். ஆக, நான் பக்தியோடு செய்துவந்தது பராமரிப்பே இல்லை.

“அப்ப என்ன செய்யணும்?”

“ஒண்ணு, ரெண்டு வாரத்துக்கு ஒருதரம் வெளியில எடுத்து இருபது நிமிஷம், அரைமணி நேரம் நல்லா ஓட்டுங்க. ஏசியையும் போடுங்க, கம்ப்ரசருக்கு நல்லது. இல்லேன்னா, தூங்க வச்சிட்டுத் தொடாதீங்க.”

முதல் யோசனையை டாலஸ் அரசு நிராகரித்தது. தூங்க வைப்பது என்று முடிவாயிற்று. அதிலும் பெரிய சடங்குகள் உண்டு என்பது பிறகுதான் தெரிந்தது.

பேட்டரியில் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்ற வேண்டும். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது கடைசியில். மாற்றிச் செய்து ஸ்பேனர் பாடியில் பட்டால் தீபாவளி. அணைத்து வைத்த காரிலும் அலாரம், கடிகாரம், சென்ட்ரல் லாக் எல்லாம் விடிய விடியக் கரண்ட் குடித்துக்கொண்டிருக்குமாம். எங்கள் வீட்டில் எல்லா ஸ்விட்ச்சையும் அணைத்த பிறகும் ஏறும் மின்கட்டணத்துக்கு இப்படி ஒரு விளக்கம் யாரும் சொன்னதில்லை. கழற்றியாயிற்று, அதோடு அலாரமும் போயிற்று. இரவில் யாராவது தொட்டால் கத்துவதற்கு வாட்ச்மேன்தான்.

ஹேண்ட் பிரேக் போட்டு வைக்கக் கூடாது. மழைக்காலத்தில் பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொண்டுவிடும். கியரில் போட்டு, டயருக்கு முன்னும் பின்னும் கல் வைக்க வேண்டும். வைத்தேன். அசோசியேஷன் செக்ரட்டரி அவற்றை ‘கட்டட இடிபாடு’ என்று சுற்றறிக்கை விட்டு அப்புறப்படுத்தினார். மறுபடி வைத்து, ‘கார் கற்கள் – எடுக்காதீர்’ என்று சாக்பீஸால் எழுதினேன். அதற்குப் பிறகு யாரோ ஒரு கல்லுக்கு மஞ்சள் குங்குமம் வைத்துவிட்டார்கள். இப்போது செக்ரட்டரியும் தொடுவதில்லை.

பெட்ரோல் டேங்க்கை நிரப்பி வைப்பது நல்லது. காலி இடத்தில் காற்றும், காற்றில் ஈரமும் இருக்கும். இப்போதைய பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அது ஈரத்தை இழுக்கும் சுபாவம் உள்ளது. நிரப்பலாம்தான், யார் காசில் என்று கேட்பது உறவுக்கு அழகல்ல என்பதால் அந்தப் பத்தியை இத்தோடு விடுகிறேன்.

டயர்தான் என்னைச் சிந்திக்க வைத்தது. ஒரே இடத்தில் மாசக்கணக்கில் நின்றால் தரையில் படும் பகுதி தட்டையாகிவிடும். காற்றைக் கொஞ்சம் கூடுதலாக அடித்து, அவ்வப்போது வண்டியை நகர்த்த வேண்டும். நகர்த்தினால் கிலோமீட்டர்? மூன்றாம் மாடிப் பையன், இன்ஜினியரிங் படிக்கிறவன், வழி சொன்னான்: “அங்கிள், இக்னிஷன் ஆஃப்ல இருந்தா டிஜிட்டல் மீட்டர் ஓடாது. தள்ளுங்க.” தள்ளினோம். கல்லை எடுத்து, நியூட்ரலில் போட்டு, வாட்ச்மேனும் நானும் பையனும் சேர்ந்து ஆளுயரம் முன்னே, ஆளுயரம் பின்னே. பத்து லட்ச ரூபாய் காரை வாங்கித் தள்ளுவண்டியாக வைத்திருக்கும் ஒரே குடும்பம் நாங்களாகத்தான் இருப்போம். என் தொப்பை குறைந்திருக்கிறது. டயருக்கு எவ்வளவு நன்மை என்று தெரியவில்லை.

எலியைச் சொல்லாமல் விட்டால் அது கோபித்துக்கொள்ளும். டாஷ்போர்டில் பிள்ளையார் உட்கார்ந்திருக்கிறார். அவருடைய வாகனம் பானட்டுக்குள் குடியேறிவிட்டது. வாஷருக்குத் தண்ணீர் போகும் குழாயைக் கடித்திருந்தது, ஒரு ஒயரையும் ருசி பார்த்திருந்தது. வாட்ச்மேன் புகையிலை கட்டித் தொங்கவிடச் சொன்னார். மெக்கானிக், எலி நுழையும் கீழ்ப்பக்கத்துக்குக் கம்பி வலை. செக்ரட்டரி, நாப்தலின் உருண்டை. என் மனைவி, “பிள்ளையார்கிட்ட சொல்லுங்க.” நாலையும் செய்தோம். எலி போய்விட்டது. எதனால் என்று நாலு பேரும் உரிமை கொண்டாடுகிறார்கள்.

கவர் விஷயத்தில் மச்சானுக்கும் மெக்கானிக்குக்கும் ஒத்துப்போகவில்லை. மச்சான் வாங்கி வைத்திருந்தது தார்ப்பாய் ஜாதி, காற்றே புகாது. சென்னைப் புழுக்கத்தில் உள்ளே ஈரம் அடைந்து பூஞ்சை பூக்கும், காற்று போகிற துணிக் கவர் வேண்டும் என்றார் மெக்கானிக். துணிக் கவர் வந்தது. தெருப் பூனை அதைத் தொட்டில் என்று நினைத்துக்கொண்டது.

இத்தனையும் வேளச்சேரியில் நடக்கிறது என்பதுதான் விசேஷம். 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் பார்த்த ஊர். தண்ணீர் புகுந்த காரில் சாவியையே திருப்பக் கூடாது; காற்று போகும் வழியில் சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால், அதை அமுக்க முடியாமல் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அதனால் 2024 அக்டோபரில் சிவப்பு எச்சரிக்கை என்றதுமே இந்த வட்டாரத்தில் கார் வைத்திருந்தவர்கள் எல்லாம் வேளச்சேரி மேம்பாலத்தில் கொண்டுபோய் வரிசையாக நிறுத்தினார்கள். நானும் டெர்மினலை மாட்டி, கல்லை அகற்றி, குங்குமத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அவசரநிலைப் பிரகடனத்தின் கீழ் மச்சான் வண்டியை முதல்முறையாகச் சாலையில் ஓட்டினேன். இரண்டு கிலோமீட்டருக்கும் குறைவு. என்ன சுகமான வண்டி! பாலத்தில் இடம் பிடித்து நிறுத்திவிட்டுக் குடையோடு நடந்து வந்தேன்.

பயந்த அளவுக்கு மழை வரவில்லை. வந்தது மச்சானின் போன். பாலத்தில் கார்கள் நிற்கும் படம் உலகமெல்லாம் சுற்றி டாலஸுக்கும் போயிருந்தது.

“மாப்பிள்ளை, அந்தப் படத்துல இடது பக்கம், அய்யனார் துணை… நம்ம வண்டிதானே?”

“ஆமாம் மச்சான். வெள்ளம் வரும்னு பயந்து…”

“நல்ல காரியம் செஞ்சீங்க. ரெண்டு கிலோமீட்டர்தானே, பரவாயில்லை.” சற்று நேரம் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்திருப்பார். “ஆமா, கவர் போடலையா?”

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி குடையை எடுத்து நீட்டினாள்.

“அண்ணன் கேக்கறாருல்ல, போய்ப் போட்டுட்டு வாங்க.”